முத்திரையும் அதன் கீழுள்ள எண்ணும்

நமது சங்கங்களின் கொள்முதல் ஏடுகளைப் பார்வையிடுங்கால் ஒரு வழக்கத்தைத் தொடர்ந்து காண்கிறோம். விசைத்தறிக் கூடத்துக்குக் கம்பியும் சுவிட்சும் வாங்கினாலும், அங்கத்தினர்களின் பாசனக் கிணறுகளுக்கு மோட்டார் வாங்கினாலும், மூன்று விலைப்புள்ளிகள் பெறப்படுகின்றன, குறைந்தது ஏற்கப்படுகிறது, தீர்மானம் நிறைவேறுகிறது. விதிக்குப் பங்கமில்லை. ஆனால் அந்தக் கம்பிக்குள் செம்பு எவ்வளவு என்று எந்தத் தீர்மானமும் கேட்பதில்லை.

செம்பின் கனம் குறைந்தால் மின்தடை கூடும். மின்தடை கூடினால் கம்பி சுடும். சூடு மேலுறையை இளக்கிவிடும். தறிக்கூடத்திலோ சுவிட்சுப் பெட்டியின்மீது பஞ்சுத் தூசு எந்நேரமும் படிந்து கிடக்கிறது. ஒரு பொறி போதும். கிணற்றடியில் அபாயம் வேறு வகையானது. காப்புப் பழுதான மோட்டாரின் உடலில் மின்சாரம் ஏறி, ஈரத்தில் வெறுங்காலுடன் நிற்பவர் கைவைக்கும் வரையில் சத்தமின்றிக் காத்திருக்கும்.

இவற்றைக் கண்ணால் பார்த்து அறிதல் விற்கும் கடைக்காரருக்கே இயலாது. ஆகவேதான் சோதித்துச் சான்று தரும் ஸ்தாபனங்கள் தோன்றின. அமெரிக்காவில், 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகக் கண்காட்சி மின்விளக்குகளால் ஒளிர்ந்தபோது, தீ இன்ஷூரன்ஸ்காரர்கள் அச்சமுற்று வில்லியம் ஹென்றி மெரில் என்னும் இளம் மின்பொறியாளரை ஆராய அனுப்பினர். மறு ஆண்டில் அவர் தொடங்கிய சோதனைச்சாலையே ‘அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ்’. அதற்குப் பணம் கொடுத்தவர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களே. கட்டடம் எரிந்தால் நஷ்டம் அவர்களுடையதல்லவா? நம் கூடம் எரிந்தால் நஷ்டம் யாருடையது என்பதை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் நாட்டில் 1947இல் ஐ.எஸ்.ஐ. எனும் தர நிறுவனம் அமைந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் முத்திரை வழங்கும் அதிகாரத்தை அதற்கு அளித்தது. 1987 முதல் அப்பணியை இந்திய தர நிர்ணய அமைவனம் நடத்தி வருகிறது; முத்திரையின் பழைய பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. பி.வி.சி. உறையிட்ட கம்பிக்கு ஐ.எஸ். 694, நீர்மூழ்கிப் பம்புசெட்டுக்கு ஐ.எஸ். 8034 என்றவாறு பொருளுக்கொரு தரம் உண்டு. கம்பி, சுவிட்சு முதலியவற்றை முத்திரையின்றி விற்கலாகாதென 2003இல் மத்திய அரசின் ஆணையும் பிறந்தது.

முத்திரையை அச்சிடுவது எளிது. போலிகளும் கடைவீதியில் உலவுகின்றன. மெய்யான முத்திரைக்கு மேலே தர எண்ணும், கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால், உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். நிர்வாகக் குழுவில் ஒருவரிடமாவது செல்பேசி இல்லாமலா இருக்கிறது!

குறைகூறவும் இடமுண்டு. அமைவனம் ஒவ்வொரு சுருளையும் சோதிப்பதில்லை. தொழிற்சாலையையும் மாதிரிகளையுமே சோதிக்கிறது. நல்ல மோட்டாரையும் எர்த் இல்லாமல் இணைத்தால் ஆபத்து ஆபத்தே. எனினும் முத்திரையுள்ள பொருள் கெட்டால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. பெயரற்ற பொருளுக்கு யார் பதில் சொல்வார்?

விலை கூடுதலாயிற்றே, தணிக்கையில் ஆட்சேபம் வருமே என்று காரியதரிசிகள் அஞ்சுகின்றனர். விலைப்புள்ளி கோரும் கடிதத்திலேயே, உரிம எண் குறிப்பிடாதவை பரிசீலிக்கப்படமாட்டா என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். எண்ணைச் சரிபார்த்த பின், எஞ்சியவற்றுள் குறைந்த விலையை ஏற்றால் ஆட்சேபத்துக்கு இடமில்லை. பட்டியலிலும் அந்த எண்ணை எழுதி வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும்.