வயது என்னும் வாதம்

சென்ற சோமவாரம் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் நடந்த சொற்பொழிவுக்கு, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும், பதினேழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து, சந்நிதியில் பெண்கள் ஓதுவாராக நின்று தேவாரம் பாடலாகாது என்று தாங்கள் சொன்னதற்கு எந்த நூலில் ஆதாரம் இருக்கிறது என்று, மிகுந்த மரியாதையோடுதான், கேட்டாள். பிரசங்கியார் நூலின் பெயரைச் சொல்லவில்லை. "உனக்கு என்ன வயசு அம்மா? நம்ம சம்பிரதாயத்துக்கு என்ன வயசு தெரியுமா? உட்கார்" என்றார். சபை கைதட்டிற்று. தட்டியவர்களில் பாதிப்பேர், தம் வீட்டில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால்கூடக் கிழவர் பேச்சைக் காதில் வாங்காதவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

பெரியவர்கள் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி என்று நம்மவர் நாவில் ஒரு வாக்கியம் ஊறிக் கிடக்கிறது. பெருமாள் எத்தனை பேரிடம் வந்து நான் சொன்னதாகச் சொல் என்று கேட்டுக்கொண்டாரோ, அறியேன். மூத்தோர் சொல் நெல்லிக்கனி, முன்னே கசந்து பின்னே இனிக்கும் என்பதும் அடிக்கடி காதில் விழுவதே. எட்டிக்காயும் முன்னே கசப்பதுதான். எனக்கும் எழுபத்தொன்று நடக்கிறது. இந்த வயது எனக்கு நல்கியவை முழங்கால் வலியும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடும் சாமர்த்தியமும் தவிர வேறில்லை. ஞானம் தபாலில் வந்துகொண்டிருக்கிறது போலும்.

சைவத்தின் மகிமையைப் பேசும்போதெல்லாம் மெய்கண்ட சாத்திரம் 14 என்று விரல் மடக்கும் பிரசங்கியார், அந்தச் சாத்திரங்கள் பிறந்த விதமாகப் பரம்பரை கூறும் வரலாற்றைப் படித்ததே இல்லையா? திருவெண்ணெய்நல்லூரில் ஒரு பாலகன் உபதேசம் செய்கிறான் என்றும், தம் மாணாக்கர்களே ஒவ்வொருவராக அவனிடம் போய்ச் சேருகிறார்கள் என்றும் கேள்வியுற்று, ஆகமம் அனைத்தும் கற்றமையால் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவரும், அப்பாலகனின் குடும்பத்துக்கே குலகுருவாக இருந்தவருமான பெரியவர், சினத்தோடு புறப்பட்டு வந்தார். வந்தவரைக் கண்டு பையன் எழவில்லை, பாடத்தையும் நிறுத்தவில்லை. ஆணவத்தின் சொரூபம் யாது என்று பண்டிதர் அதட்ட, பையன் அவரை அடி முதல் முடி வரை ஒரு முறை பார்த்தானாம். அதுவே விடை. பண்டிதர் அவன் காலில் விழுந்து, அருணந்தி என்னும் நாமத்தோடு சீடரானார். பையன்தான் மெய்கண்டார்; அவர் தந்த சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுக்குச் சிவஞான சித்தியார் என்னும் வழிநூல் செய்தவர் அந்தப் பண்டிதரேதான். அவர் அன்று, "உனக்கு என்ன வயசு தம்பி?" என்று கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பியிருந்தால், இன்று நம் பிரசங்கியாருக்கு மடக்க விரல் இருந்திருக்கும், நூல் இருந்திராது.

வயதைத்தான் கணக்கெடுப்பது என்றால், அதையாவது ஒழுங்காக எடுக்க வேண்டாமா? தேவார மூவருக்கும் முந்தியவர் காரைக்கால் அம்மையார்; திருவாலங்காட்டில் அவர் பாடியவற்றுக்குப் பெயரே மூத்த திருப்பதிகம். மூத்தது பெண் குரல். பழமை பழமை என்று மார் தட்டுகிறவருக்குப் பழமை தம் தாத்தாவோடு ஆரம்பிக்கிறது.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதையர் அரிஜனங்களை அழைத்துச் சென்றாரே, அதற்கு முந்தின நாள் வரை அவர்களை வெளியே நிறுத்தியிருந்த வழக்கத்துக்கு வயது குறைவா? சிறு பெண்களைத் தேவதாசிகளாகப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தபோது, அந்த வழக்கமென்ன அப்போதுதான் பிறந்த குழந்தையா? சந்தான குரவரில் நான்காமவரான உமாபதி சிவம், பழையது என்பதனால் மட்டும் எதுவும் நன்றாகிவிடாது என்று சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்திலேயே எழுதிவைத்துப் போனார். அதுவும் பழைய நூல்தான். ஆனால் பழமையைச் சோதிக்கச் சொல்லும் பழமை இவர்களுக்கு ஆகாது.

உண்மையான பழமையை இவர்கள் பேணும் லட்சணத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எந்த மண்டபத்தில் சம்பிரதாயத்தின் வயது பேசப்பட்டதோ, அதே மண்டபத் தூண்களில் இருந்த கல்வெட்டுகளைக் கும்பாபிஷேகத் திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சி மழுக்கியபோது, கைதட்டிய இந்தக் கனவான்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மிஞ்சிய எழுத்துகளின்மேல் இப்போது உபயதாரர் பெயர் சிவப்பு எனாமலில் மின்னுகிறது. நூற்றாண்டுகளாய்ப் பேசிய கல்லை ஊமையாக்கலாம், பதினேழு வயதுப் பெண் மட்டும் பேசலாகாது.

சகலாகம பண்டிதர் விழுந்தது ஒரு சிறுவன் காலில். நம்மவருக்கோ அன்று பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய பிறகு அவர் அந்தப் பெண் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. நானும் யோக்கியன் அல்லன். திருவெண்ணெய்நல்லூர்க் கதை நாவின் நுனி வரை வந்தும், சபை மரியாதைக்கு அஞ்சி அப்படியே விழுங்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா, இதை நீ படிக்க நேர்ந்தால், வருகிற சோமவாரமும் வா. அதே கேள்வியை அதே மரியாதையோடு கேள். உனக்கு என்ன வயசு என்று அவர் ஆரம்பித்தால், மூன்றாவது தூணோரம் உட்கார்ந்திருக்கும் எழுபத்தொரு வயதுக் கிழவனைக் கை காட்டு. அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன்.