வெட்ட வருகிறவர் எந்தக் கணக்கில்?

ரயில்வே பணிமனைகளின் ஓரத் தண்டவாளங்களில் கழித்துப்போட்ட டீசல் எஞ்சின்கள் துருவேறி நிற்கின்றன. 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியிலேயே தயாரான வகையறாக்கள் இவற்றில் நிறைய. பாதைகள் மின்மயமானதும் இவற்றுக்கு வேலை போய்விட்டது. வாரணாசி தொழிற்சாலைகூட 2020இல் தன் பெயரிலிருந்த 'டீசலை' எடுத்துவிட்டது.

ரயில் ரசிகர்கள் அந்தக் கரும்புகைக்காக உருகி வீடியோ போடுகிறார்கள். நமக்கு அந்த உருக்கம் வரவில்லை. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே அந்தப் புகையைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் போகட்டும். அது எப்படிப் போகிறது, யார் கையால் போகிறது என்பதில்தான் நமக்கு வழக்கு.

1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ஜி.ஐ.பி. ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகளை அவர் சுட்டியதை மேடைதோறும் சொல்கிறோம். அதே உரையில் அவர் பேசிய வேலை விவரங்களை யாரும் படிப்பதில்லை. தீண்டப்படாதவர் கேங்மேனாகவே காலம் தள்ள வேண்டியிருந்தது. போர்ட்டர் வேலைகூடக் கிடைக்காது, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும். பணிமனையிலோ மெக்கானிக் வேலை எட்டாக்கனி.

அந்தக் கதவைப் பிற்பாடு இடஒதுக்கீடு திறந்தது. டீசல் எஞ்சின் ஓடிய காலமும் நம் ஆட்கள் கலாசியாகச் சேர்ந்து ஃபிட்டராக உயர்ந்த காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். இதைப் படிக்கும் உங்களில் சிலரைப் படிக்கவைத்தது அப்படி ஒரு தாத்தாவின் சம்பளமாக இருக்கலாம்.

இனி எஞ்சினின் சாவுக்கு வருவோம். அதற்கென்று ஒழுங்கான நடைமுறை இருக்கிறது. ஆயுள் 36 ஆண்டு என்று விதி. கழிப்பதற்குக் கோப்பு, கையெழுத்து எல்லாம் உண்டு. பயன்படும் உதிரிபாகங்களைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். நல்ல நிலையில் இருப்பதற்கு வேறு வழியும் கிடைக்கும்: 2023இல் 20 எஞ்சின்களை இந்தியா வங்கதேசத்துக்குக் கொடுத்தது. மற்றவை நூறு டன்னுக்கு மேற்பட்ட இரும்பாக மின்னணு ஏலத்துக்கு வருகின்றன. 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்பது நிபந்தனை.

இந்த நாலு சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ஏலம் எடுத்தவர் தன் ஆட்களைக் கூட்டிவந்து வெட்டி எடுத்துப் போக வேண்டும். ரயில்வேயின் ஒப்பந்தத் தொழிலாளி என்றாலாவது முதன்மை முதலாளி என்று நிர்வாகத்தைப் பிடிக்கலாம், கூலி பாக்கி நின்றால் கேட்கலாம். வாங்கியவரின் ஆள் என்றால், "விற்ற சரக்கு, அவர் பாடு" என்று கைகழுவ வசதி. நாங்கள் களத்தில் பார்த்தவரை கேஸ் கட்டர் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் சேரிப் பிள்ளைகள், அல்லது பீகார், ஒடிசாவிலிருந்து வந்த நம்மைப் போன்றவர்கள். பழைய பெயின்ட் வெந்து கிளம்பும் புகைக்கு முகத்தில் ஒரு கைக்குட்டை. டாங்கின் அடியில் தங்கிய டீசலுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. செம்புக்குக் கிலோ கணக்கு இருக்கிறது, இவர்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

நிரந்தர ஊழியர்களைப் பயிற்சி கொடுத்து மின் எஞ்சின் வேலைக்கு மாற்றினார்கள், நல்லது. ஆனால் ஓய்வுபெறுகிறவரின் இடத்தைச் சரண்டர் செய்துவிட்டு அந்த வேலையை ஒப்பந்தத்தில் விட்டால், பட்டியல் சாதியினரின் 15 சதவீதமும் பழங்குடியினரின் 7.5 சதவீதமும் அதோடு போயிற்று. ஒப்பந்ததாரர் எடுக்கும் ஆளுக்கு ரோஸ்டர் கிடையாது. ஃபிட்டராக நுழைந்த அதே கேட்டில், பேரன் இன்று ஏலக்காரரின் பாஸில் நுழைகிறான்.

படிக்கிற தோழர்கள் இதில் இறங்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஊர்ப் பணிமனையைக் கேளுங்கள். கடந்த 5 ஆண்டுகளில் எத்தனை எஞ்சின்கள் வெட்டுக்கு விற்கப்பட்டன? வெட்ட வந்தவர்களின் வருகைப் பதிவேடு யாரிடம் இருக்கிறது? காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கேட் பாஸ் கொடுத்தார்களா? எத்தனை பேர் காயப்பட்டார்கள்? எத்தனை பணியிடங்கள் சரண்டர் ஆயின, அவற்றில் ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை? கட்டணம் 10 ரூபாய், தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.