நெடுந்தீவில் ஒரு நாள்

ஒல்லாந்து நாட்டில் வாழும் நண்பரொருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தார். டெல்ஃப்ட் என்னும் நகரில் ஒரு வியாழக்கிழமை முழுவதையும் காலாற நடந்தே கழித்தாராம். வியாழன் அங்கே சந்தை நாள். புதிய தேவாலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் பாற்கட்டியும் மீனும் விற்கும் கடைகள்; சற்றுத் தள்ளிப் பூச்சந்தை; பின்னர் வாய்க்காற் கரையோரமாக நடை; ஒருபுறம் சாய்ந்து நிற்கும் பழைய தேவாலயக் கோபுரம்; அதனுள்ளே 1675இல் அடக்கம் செய்யப்பெற்ற ஓவியர் வெர்மீரின் கல்லறை. இவற்றையெல்லாம் சுவைபட எழுதியவர், "இவ்வூரின் பெயரைச் சூட்டிக்கொண்ட எங்கள் தீவையும் ஒருநாள் இவ்வாறு நடந்து பாருங்கள். எங்கள் வளவின் கல்வேலி இன்னும் நிற்கிறதா என்று எழுதுங்கள்" என்று முடித்திருந்தார். நண்பர் பிறந்த மண் நெடுந்தீவு.

பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடைந்து காலைப் படகேறினோம். ஒரு மணி நேரக் கடற்பயணம். படகிலே அரிசி மூட்டைகள், எரிவாயு உருளைகள், கோழிக்கூடு ஒன்று, பள்ளி ஆசிரியர்கள், நாம். டெல்ஃப்ட் நகரத்தார் சந்தைக்குச் செல்கின்றனர்; நெடுந்தீவாருக்கோ சந்தையே படகேறி வரவேண்டியிருக்கிறது. சோளகக் காற்று மிஞ்சிவிட்டால் அதுவும் வராது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு ஊர்ப்பெயர்களை நம் தீவுகளுக்கு இட்டனர். வேலணை லெய்டன் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம். கடலுக்கப்பால் இருந்த கம்பனியாருக்கு இது வசதியாயிருந்திருக்கும். இவற்றுள் டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலப் பத்திரங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. தீவாரின் வாயில் அது ஏறியதேயில்லை.

மாவிலித்துறையில் இறங்கியதும் முதலிற் கண்டது ஒரு நினைவாலயம். 1985 மே 15ஆம் நாள் இத்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிலிருந்த பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கைக்குழந்தையும் தப்பவில்லை. நண்பர் ஊரை விட்டதும் அவ்வாண்டிலேதான். சிறிது நேரம் நின்றோம், பின்னர் நடந்தோம்.

கடற்கரையோரத்துக் கோட்டை முருகைக்கல்லாற் கட்டப்பட்டது. போர்த்துக்கேயர் எழுப்ப, ஒல்லாந்தர் ஆண்டனர். இப்போது அதன் தடித்த சுவர்களினிடையே ஆடுகள் நிழல் காய்கின்றன. அப்பால் புறாக்கூடு, தூது செல்லும் புறாக்களை அங்கே வளர்த்தனர் என்பர். ஆபிரிக்க மண்ணுக்குரிய பெருக்கு மரத்தின் பொந்தினுள் நாமும் புகுந்து பார்த்தோம். உள்ளே நல்ல குளிர்மை. வெளியே வர மனமில்லை. மட்டக்குதிரைகள் சில தொலைவில் மேய்ந்தன. அவற்றை அணுகிக் காண நேரமில்லை. மாலைப் படகு நமக்காகக் காத்திராது.

இத்தீவில் நடப்பவர் கண்ணை நிறைப்பவை கல்வேலிகளே. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. முருகைக்கல்லின் மேல் முருகைக்கல்லை அடுக்கி மார்பளவு உயர்த்தியிருக்கின்றனர். ஒழுங்கை தோறும் இருமருங்கும் அவையே. கல்லிடுக்குகளின் வழியே காற்று புகுந்து போவதால் சூறையிலும் எளிதிற் சாய்வதில்லை. ஆட்கள் போன பின்பும் எல்லை காப்பவை அவை.

விசாரித்து விசாரித்து நண்பரின் வளவை அடைந்தோம். வேலி நின்றது! வீட்டுக்குக் கூரையில்லை, உள்ளே வடலிகள் முளைத்திருந்தன. படலையருகே ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த முதியவள் நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். நண்பரின் பெயரைச் சொன்னதும் குழையைக் கீழே போட்டாள்.

"அவன் எப்ப வாறானாம்?"

நமக்கு விடை தெரியவில்லை. கடிதம் எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னோம்.

"ஒரு பக்கம் சரிஞ்சது, தம்பி. நான்தான் எடுத்து அடுக்கி விட்டனான். வேலி விழேல்லை எண்டு எழுதுங்கோ. கிணத்துத் தண்ணி இன்னும் குடிக்கலாம் எண்டும் எழுதுங்கோ."

நீரை இறைத்துத் தந்தாள். பருகினோம். மெல்லிய உவர்ப்பிருந்தது, ஆயினும் நல்ல தண்ணீர்தான். புறப்படுகையில் ஓலைப்பெட்டி நிறையப் புழுக்கொடியல் தந்து, "அவனுக்கு அனுப்புங்கோ" என்றாள். அங்கே கிடைக்காதென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாட் காலை அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு யாழ்ப்பாணத்துத் தபாற்கந்தோருக்குச் சென்றோம். கந்தோர் என்பதும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்லே என்பது வரிசையில் நிற்கையில் நினைவுக்கு வந்தது. நிறுத்துப் பார்த்த எழுதுவினைஞர், "உள்ளே என்ன?" என்றார். புழுக்கொடியல் என்றோம். "எவ்விடத்துக்கு?" "டெல்ஃப்ட்டுக்கு" என்றோம்.

"நெடுந்தீவுக்கு இவ்வளவு முத்திரை வேண்டாமே" என்றார் அவர்.