லடாக் மலையில் ஒரு கடல்

லே நகரிலிருந்து கார்துங் லா கணவாய்க்கு பைக்கில் ஏறுகிறவர்கள் பனியைப் பார்க்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். கணவாய்க்கு அப்பால், கார்துங் கிராமத்துப் பக்கம் இருக்கும் எரிமலைப் பாறைகளை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால், காணாமல் போன ஒரு கடலுக்கு அவைதான் சாட்சி.

அந்தக் கடலின் பெயர் டெதிஸ். 1893-ல் ஆஸ்திரியப் புவியியலாளர் எடுவர்ட் சூயஸ் வைத்த பெயர். இந்தியா தனி நிலமாகத் தெற்கே இருந்த காலத்தில், அதற்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த கடல் இது. இந்தியா வடக்கே நகர நகர, கடல்தளம் பூமிக்குள் செருகி மறைந்தது. மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் பாறைகளை வைத்துத்தான் இப்போது அதன் வரலாற்றை எழுத வேண்டும்.

கிழக்கு லடாக்கின் நிடரில், தலையணைகளை அடுக்கிவைத்தது போன்ற பாறைகள் உண்டு. எரிமலைக் குழம்பு தண்ணீருக்குள் வெளிவந்து சட்டென்று குளிர்ந்தால்தான் இந்த வடிவம் வரும். கூடவே, ரேடியோலேரியா என்ற நுண்ணிய கடலுயிர்களின் கூடுகள் படிந்து இறுகிய பாறையும் இருக்கிறது. அங்கே கடல்தளம் இருந்தது உறுதி.

அது பூமியில் எந்த இடத்தில் இருந்தது? குழம்பு ஆறும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய பூமியின் காந்தத் திசையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இந்தத் திசை நிலநடுக்கோட்டில் படுக்கையாக இருக்கும். துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகும். சாய்வை அளந்தால் பாறை பிறந்த அட்சரேகை தெரிந்துவிடும்.

கார்துங் பாறைகளை இப்படி அளந்த ஆய்வு முடிவு 2020-ல் வெளியானது. இன்று 34 டிகிரி வடக்கில் இருக்கும் அந்தப் பாறைகள், 6.2 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சுமார் 8 டிகிரி வடக்கில் பிறந்தவை. ஐந்தாறு டிகிரி முன்பின் இருக்கலாம். இன்றைய கன்னியாகுமரியின் அட்சரேகை அது! ஆசியாவின் கரையோ அப்போது வெகு வடக்கே இருந்தது. அப்படியானால் லடாக், நடுக்கடலில் இருந்த எரிமலைத் தீவு வரிசை. இந்தியா முதலில் அதனுடன் மோதி, பிறகுதான் ஆசியாவை முட்டியிருக்க வேண்டும்.

மோதல் ஒன்றுதான் என்பவர்கள் மணலைக் காட்டுகிறார்கள். தெற்கு திபெத்தில், இந்தியப் பக்கத்துப் படிவுகளில், ஆசியாவிலிருந்து அடித்துவந்த மணல் சுமார் 5.9 கோடி ஆண்டுக்கு முன்பே சேர்ந்திருக்கிறது. நடுவே பெருங்கடல் இருந்தால் அந்த மணல் எப்படி வந்திருக்கும் என்பது அவர்கள் கேள்வி.

இமயமலை எப்போது எழத் தொடங்கியது, நமது பருவமழைக்கு அதில் எவ்வளவு பங்கு என்ற கணக்கெல்லாம் இந்த விடையைப் பொறுத்தவை. எரிமலைப் பாறையும் மணலும் ஒரே தேதியைச் சொல்லும்வரை வழக்கு முடியாது.