இன்று ரொக்கம், நாளை கடன்

1) நைட் டூட்டி முடிச்சு, ஹேண்ட் ஓவர் கொடுத்துட்டு, ஆஸ்பத்திரி எதிர்ல டீக்கடையில உட்கார்ந்து எழுதுற த்ரெட் இது. சுகர், பிபி பத்தி ஏதாவது சொல்வேன்னு வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்கு பேஸ்பால். ஆமா, அமெரிக்காக்காரங்க ஆடுறதுதான். ஆட்டம் தெரியாதவங்களுக்கும் புரியும், பயப்படாம வாங்க. கொஞ்சம் நீளம்.

2) பிட்ஸ்பர்க்ல சாயங்காலம் 6:40க்கு மேட்ச்னா நமக்கு விடியக்காலை 4:10. கேஷுவாலிட்டி கொஞ்சம் அடங்குற நேரம். சத்தத்தைக் குறைச்சு வச்சு போன்ல பார்ப்பேன். ஒருநாள் எட்டிப் பார்த்த சிஸ்டர், "யாரு சார் இது?"ன்னு கேட்டாங்க. "பால் ஸ்கீன்ஸ். பந்து வீசுறவர். தோத்துக்கிட்டே இருக்கிற டீம்ல இருக்கிற உலகத் தரமான ஆளு. இவரை வித்துடணும்னு ஒரு கூட்டம் சொல்லுது"ன்னேன். "இருக்கிற ஒரே நல்ல ஆளையும் வித்துட்டா அப்புறம் எதுக்கு சார் டீமு?"ன்னாங்க.

3) இந்தக் கேள்விக்கு நிபுணர்கள் பக்கம் பக்கமா பதில் வச்சிருக்காங்க. எனக்கென்னவோ சிஸ்டர் கேட்டதுதான் சரின்னு படுது. ஏன்னு சொல்றேன்.

4) முதல்ல ஸ்கீன்ஸ். 2023 டிராஃப்ட்ல முதல் ஆளா பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தாங்க. 2024ல சிறந்த புதுமுகம். 2025ல நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, அதுவும் ஒருமனதா. அந்த வருஷம் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியா அவர் விட்டுக்கொடுத்தது 1.97 ரன். இரண்டுக்கும் கீழ! ஆனா அவர் பேர்ல எழுதின வெற்றி 10, தோல்வியும் 10. அவர் எதிரணியை அடக்கி வச்சாலும் சொந்த டீம் ரன் அடிக்கலைன்னு அர்த்தம். டீம் மொத்தமா 71 வெற்றி, 91 தோல்வி.

5) விக்கச் சொல்றவங்க கணக்கு இதுதான்: "டீம் எப்படியும் ஜெயிக்கப் போறதில்லை. இவரைக் கொடுத்தா நாலஞ்சு நல்ல இளம் வீரர்கள் கிடைப்பாங்க. மூணு வருஷத்துல அவங்க வளருவாங்க, அப்போ மொத்த டீமா எழுந்து நிக்கலாம்." இப்படிக் கைமாறுற, இன்னும் பெரிய லீக்ல தேறாத பசங்களுக்கு அங்கே 'ப்ராஸ்பெக்ட்'னு பேரு. அந்தக் கிளப்பின் பொது மேலாளர் பென் செரிங்டன் 2025லேயே அப்படி ஒரு பேச்சே இல்லைன்னு சொல்லிட்டாரு. ஆனாலும் ஜூலை கடைசி ட்ரேட் கெடு நெருங்குனா இந்தப் பேச்சு திரும்பக் கிளம்பும்.

6) கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதே ஊர், இதே கிளப், இதே வைத்தியத்தை ஏற்கனவே பார்த்திருக்கு. கேஸ் ஷீட்டைப் புரட்டுவோம்.

7) 2018 ஜனவரி. கெரிட் கோல்னு ஒரு பிட்சர். இவரும் பைரேட்ஸ் 2011 டிராஃப்ட்ல முதல் ஆளா எடுத்தவர்தான். கையில இன்னும் ரெண்டு வருஷம் இருந்தும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு வித்தாங்க. பதிலுக்கு நாலு பேர் வந்தாங்க. கோல் 2019ல 326 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தாரு. அந்த சீசன் முடிஞ்சதும் யாங்கீஸ் அவருக்கு 9 வருஷத்துக்கு 32.4 கோடி டாலர் கொடுத்துச்சு.

8) வந்த நாலு பேர்ல தேறினவர் ஜோ மஸ்குரோவ். சரி, அவரையாவது வச்சுக்கிட்டாங்களா? 2021 ஜனவரியில அவரையும் வித்தாங்க. ஏப்ரல் மாசமே சான் டியேகோ பாட்ரேஸுக்காக, அந்தக் கிளப் வரலாற்றுலயே முதல் நோ-ஹிட்டரை வீசினாரு. அதாவது முழு ஆட்டத்துலயும் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்கலை.

9) மஸ்குரோவுக்குப் பதிலா வந்த கூட்டத்துல தேறினவர் டேவிட் பெட்னார். பிட்ஸ்பர்க் பக்கத்து ஊர்ப் பையன். 2022, 2023 ரெண்டு வருஷமும் ஆல் ஸ்டார். அவரை என்ன பண்ணாங்க? 2025 ஜூலையில யாங்கீஸுக்கு வித்துட்டாங்க. பதிலுக்கு? அதேதான். மறுபடியும் இளம் வீரர்கள்.

10) கோலை வித்து மஸ்குரோவ், மஸ்குரோவை வித்து பெட்னார், பெட்னாரை வித்து இன்னும் சில பசங்க. ஏழரை வருஷம். இடையில ப்ளே ஆஃப் ஆடினது எத்தனை தடவை? சைபர். கடைசியா ஆடினது 2015ல. வேர்ல்டு சீரிஸ் ஜெயிச்சது 1979ல.

11) நம்ம ஊர் மளிகைக்கடையில ஒரு போர்டு தொங்கும்: "இன்று ரொக்கம், நாளை கடன்". நாளைக்குப் போனாலும் அதே போர்டு, அதே எழுத்து. இந்த டீம்கள் ரசிகனுக்குச் சொல்றதும் அதுதான். டிக்கெட்டுக்கு இன்னைக்கே ரொக்கம் வை, நல்ல டீமை நாளைக்குத் தர்றேன்.

12) டாக்டராச் சொல்றேன். ரத்தப்போக்கோட வர்ற பேஷன்ட்டுக்கு பாட்டில் பாட்டிலா ரத்தம் ஏத்திக்கிட்டே இருந்தா மட்டும் காப்பாத்த முடியாது. எங்கே ஒழுகுதோ அங்கே கட்டணும். ப்ராஸ்பெக்ட்டுங்க ஏத்துற ரத்தம் மாதிரி. வளர்ந்த வீரனுக்குச் சம்பளம் கொடுக்காம அனுப்பற பழக்கம்தான் ஒழுகற இடம். அதைக் கட்டாம எத்தனை பேரை உள்ளே கொண்டுவந்தாலும் ஆறு வருஷத்துல வெளியே போயிடுவாங்க.

13) ஏன் ஆறு வருஷம்? அங்கே விதி அப்படி. பெரிய லீக்ல ஆறு வருஷ சர்வீஸ் முடியற வரைக்கும் வீரன் கிளப்போட பிடியில. அதுல முதல் மூணு வருஷம் போல குறைந்தபட்சத்தை ஒட்டின சம்பளம்தான். சை யங் வாங்கின 2025ல ஸ்கீன்ஸோட சம்பளம் பத்து லட்சம் டாலர் கூட இல்லை. 2029 வரைக்கும் அவர் பைரேட்ஸ் ஆளு. இப்போ புரியுதா, ப்ராஸ்பெக்ட் மேல முதலாளிகளுக்கு ஏன் இவ்வளவு பாசம்னு? அவங்க நாளைக்கு ஜெயிப்பாங்களோ இல்லையோ, இன்னைக்கு மலிவு.

14) "டாக்டர், ஹூஸ்டனைப் பாருங்க. 2011ல 106, 2012ல 107, 2013ல 111 தோல்வி. எல்லாத்தையும் வித்துட்டு 2017ல சாம்பியன் ஆனாங்களே?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். வாங்க பார்ப்போம்.

15) 2017 ஹூஸ்டனோட தூண்கள் யாரு? அல்டுவே: வெனிசுலாவுல 15,000 டாலருக்குச் சின்னப் பையனா எடுத்தவர். கைக்கல்: 2009 டிராஃப்ட். ஸ்பிரிங்கர்: 2011 டிராஃப்ட். கொரேயா: 2012 டிராஃப்ட். பிரெக்மன்: 2015 டிராஃப்ட். ஒருத்தர் கூட ஸ்டாரை வித்து வந்தவர் இல்லை! அல்டுவே 2012லேயே ஆல் ஸ்டார். 107 தோத்த டீமோட நல்ல ஆளு. அவரை விக்கலை. 2017ல அவர்தான் அமெரிக்கன் லீக் எம்விபி.

16) இன்னும் இருக்கு. அந்த வருஷம் ஆகஸ்ட் 31, தங்கள் ப்ராஸ்பெக்ட்டுகளைக் கொடுத்து ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கினது ஹூஸ்டன். அடுத்த ஜனவரியில கோலையும் அப்படித்தான் வாங்கினாங்க. நீங்க உதாரணம் காட்டுற டீம், ஜெயிக்கணும்னு வந்தப்போ ப்ராஸ்பெக்ட்டை வித்து ஸ்டாரை வாங்குச்சு. (எதிரணி சைகையை கேமரா வச்சுத் திருடினதுக்கு 2020ல தண்டனை வாங்கினது தனிக் கதை.)

17) பொழைச்ச ஒரு பேஷன்ட்டை மட்டும் காட்டி மருந்து விக்கிறவனை நாங்க நம்பமாட்டோம். அதே மருந்து சாப்பிட்ட மத்தவங்க எங்கேன்னு கேட்போம். மயாமி மார்லின்ஸ்: 2018 ஜனவரியில கிறிஸ்டியன் எலிச்சைக் கொடுத்து நாலு ப்ராஸ்பெக்ட் வாங்கினாங்க. எலிச் அந்த வருஷமே எம்விபி. நாலு பேர்ல பெரிசா பேசப்பட்ட லூயிஸ் பிரின்சன் அடிச்ச சராசரி 2018ல .199, 2019ல .173. டீம் 2019ல 105 தோல்வி. அதே குளிர்காலத்துல ஓசூனாவை வித்து வந்த அல்கன்டாரா பின்னாடி சை யங் வாங்கினாரு, அதையும் மறைக்கலை. லாட்டரியில சில சீட்டு விழத்தான் செய்யும்.

18) சிகாகோ ஒயிட் சாக்ஸ்: 2016 டிசம்பர்ல கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து ப்ராஸ்பெக்ட் வாங்கினாங்க. 2018 வேர்ல்டு சீரிஸ்ல கடைசி அவுட்டை எடுத்தது பாஸ்டன் சட்டை போட்ட சேல். சிகாகோவுக்கு 2020, 2021ல ப்ளே ஆஃப் வாய்ப்பு கிடைச்சது, ஒரு சீரிஸ் கூட ஜெயிக்கலை. 2024ல 121 தோல்வி, நவீன காலத்துல அதுவரை யாரும் தோக்காத அளவு. அந்த டிசம்பர்ல என்ன பண்ணாங்க தெரியுமா? கேரட் கிராஷேன்னு ஒரு நல்ல இடதுகை பிட்சரை வித்தாங்க. யாருக்கு? அதே பாஸ்டனுக்கு. எதுக்கு? நாலு ப்ராஸ்பெக்ட்டுக்கு. எட்டு வருஷம் கழிச்சு அதே மருந்துச் சீட்டு!

19) தோத்தா நல்ல டிராஃப்ட் இடமாவது கிடைக்கும்ங்கிற ஆறுதலும் இப்போ இல்லை. வேணும்னே தோக்கறதைத் தடுக்க 2023 டிராஃப்ட்ல இருந்து குலுக்கல் முறை, கூடவே சில கட்டுப்பாடுகள். 121 தோத்த சிகாகோவுக்கு 2025ல கிடைச்சது பத்தாவது இடம்.

20) "பிட்சர் கை எப்ப வேணா போயிடும், அதுக்குள்ள வித்துடணும்"னு ஒரு வாதம். இதுல எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு. முழங்கையின் உள்பக்கம் அல்நர் கொலாட்டரல் லிகமென்ட்னு ஒரு நார். மணிக்கு 100 மைல் வேகத்துல வீசினா அது தாங்குற எல்லையிலதான் இருக்கும். கிழிஞ்சா 1974ல ஃபிராங்க் ஜோப் முதன்முதலா செஞ்ச டாமி ஜான் சர்ஜரி, திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல. கோலுக்கே 2025ல நடந்துச்சு. ஸ்கீன்ஸ் கைக்கும் யாரும் கேரண்டி தர முடியாது. ஆனா பதிலுக்கு வர்ற பிட்சர் பசங்களுக்கும் முழங்கை இருக்கே! அவங்க நார் மட்டும் இரும்பா?

21) "சின்ன ஊர், பணம் இல்லை" அடுத்த வாதம். 30 கிளப்பும் உள்ளூர் வருமானத்துல 48 சதவீதத்தைப் பொதுவுல போட்டு சமமாப் பிரிச்சுக்கிறாங்க. தேசிய டிவி காசும் பங்கு வருது. எவ்வளவு தோத்தாலும் கீழ் லீகுக்கு இறக்கவும் மாட்டாங்க. தோக்கறதுக்கு இதைவிட பாதுகாப்பான வியாபாரம் எங்கேயாவது இருக்கா?

22) கான்சாஸ் சிட்டியும் பெரிய ஊர் இல்லை. ராயல்ஸ் 2023ல 106 தோல்வி. பாபி விட் ஜூனியரை வித்தா அஞ்சாறு பேர் கிடைச்சிருப்பாங்க. விக்கலை. 2024 பிப்ரவரியில 11 வருஷத்துக்கு சுமார் 28.9 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டாங்க. கூடவே லூகோ, வாக்கான்னு ரெண்டு அனுபவ பிட்சர்கள். அதே வருஷம் 86 வெற்றி, ப்ளே ஆஃப். முதல் சுற்றுல யாரைத் தோற்கடிச்சாங்க? வருஷக்கணக்கா தோத்து ப்ராஸ்பெக்ட் சேர்த்த பால்டிமோரை.

23) அப்போ விக்கவே கூடாதான்னா, அப்படிச் சொல்லலை. ஏஞ்சல்ஸ் 2023ல ஓட்டானியை விக்காம வச்சுக்கிட்டு, 73 வெற்றியோட முடிச்சு, அந்தக் குளிர்காலமே டாட்ஜர்ஸ் கிட்ட சும்மா விட்டாங்க. கிடைச்சது ஒரு டிராஃப்ட் இடம். சில மாசத்துல ஒப்பந்தம் முடியற ஆளு, டீம் தேறாதுன்னா வித்துடணும். பைரேட்ஸே கோலை வித்த ரெண்டு நாள்ல, ஒரு வருஷம் மட்டும் பாக்கி இருந்த மெக்கட்சனை வித்து பிரையன் ரெனால்ட்ஸை வாங்கினது நல்ல வியாபாரம். ரெனால்ட்ஸை 2023ல காசு கொடுத்துத் தக்க வச்சாங்க பாருங்க, அதுதான் பாதை.

24) ஆக, சர்ஜரிக்கு முன்னாடி நாங்க கேட்கிற மாதிரி மூணு கேள்வி. ஒண்ணு, அவர் சீக்கிரமே போகப் போறவரா? ரெண்டு, இருக்கச் சொல்லி மரியாதையான தொகை கேட்டுப் பார்த்தீங்களா? மூணு, வர்ற பசங்க வளர்ந்தா அவங்களுக்காவது சம்பளம் கொடுப்பீங்களா? மூணாவதுக்கு "இல்லை"ன்னா முதல் ரெண்டுக்கும் அர்த்தமே இல்லை.

25) வாஷிங்டன் 44 கோடி டாலர் கேட்டுப் பார்த்து, மறுத்த பிறகுதான் 2022ல சோட்டோவை வித்தது. வந்தவங்கள்ல ஏப்ரம்ஸ், கோர், வுட் மூணு பேர் ஆல் ஸ்டார் ஆனாங்க. இதைவிட நல்ல விற்பனை கனவுலதான் நடக்கும். அப்படியும் 2025ல 96 தோல்வி. ஆபரேஷன் சக்சஸ். மீதி உங்களுக்கே தெரியும்.

26) 2015ல பத்து வயசுல அப்பா தோள்ல உட்கார்ந்து பிட்ஸ்பர்க் ப்ளே ஆஃப் பார்த்த பிள்ளைக்கு 2025ல இருபது வயசு. அந்தப் பத்து வருஷத்தை எந்த ப்ராஸ்பெக்ட்டும் திருப்பித் தரமாட்டான். அந்த ஊர் ரசிகர்கள் மைதானத்துல "டீமை வித்துட்டுப் போ"ன்னு முதலாளியைப் பார்த்துக் கத்துறாங்களே, அதுக்குக் காரணம் இதுதான். எதையாவது விக்கணும்னா எதை விக்கணும்னு அவங்களுக்குத் தெளிவாத் தெரியுது.

27) ஸ்கீன்ஸை விக்காதீங்க. காசு கொடுங்க. கூட ரன் அடிக்க நாலு பேரை வாங்குங்க. அவர் கேட்கறதும் அவ்வளவுதான் இருக்கும்.

28) டீ ஆறிப்போச்சு. மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, தூங்கி எழுந்து பதில் சொல்றேன். இன்னைக்கு ராத்திரியும் டூட்டி. சிஸ்டர் ஸ்கோர் கேட்பாங்க.