மனு போடப் போகிறவர்களுக்கு



கோவை நஞ்சப்பா சாலையில் போகிற எல்லோரும் அந்த நீண்ட மதிலைப் பார்த்திருப்பீர்கள். 1872 முதல் அங்கே நிற்கும் மத்திய சிறை. 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை வ.உ.சி. அடைபட்டுக் கிடந்ததும் அங்கேதான். அவர் இழுத்த செக்கைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்கிறோம். அதே வாசலில், உள்ளே இருக்கும் பிள்ளையைப் பார்க்க மனு போடக் காத்திருக்கும் தாய்மார்களைப் பற்றித்தான் பேசுவதில்லை. அக்கம்பக்கத்தில், "ஆஸ்பத்திரிக்குப் போறேனுங்க" என்று சொல்லிவிட்டு முதல் பஸ் ஏறுகிறவர்கள் அவர்கள்.

வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ரிமாண்டில் இருப்பவர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. தண்டனை பெற்றவரும் உங்கள் பிள்ளைதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனை 1991-ல் பிடித்துப் போனபோது அவருக்கு 19 வயது. 2022 மே 18-ல்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் சிறையில் இருந்த காலமெல்லாம் தாய் அற்புதம்மாள் மகனைப் பார்க்கப் போவதை நிறுத்தவேயில்லை.

ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவரின் பெயர், அப்பா பெயர், வழக்கு விவரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் மனு எழுதும்போது தடுமாற வேண்டாம். ஈ-முலாகாத் இணையதளத்திலும் முன்பதிவு செய்யலாம். படித்த பிள்ளைகள் யாரையாவது போட்டுத் தரச் சொல்லுங்கள். நம்ம ஊர் அம்மாக்களுக்கு வெறுங்கையோடு போக மனசு வராது. என்றாலும் எதை அனுமதிப்பார்கள் என்று விசாரித்துவிட்டே கொண்டு போங்கள். ஆசையாகச் செய்ததைத் திருப்பி எடுத்து வருவது பெரிய வேதனை.

பேசக் கிடைப்பதோ கொஞ்ச நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகத்தைப் பார்த்ததும் அழுகை முட்டும், "ஏன்டா இப்படிப் பண்ணினே" என்று கேட்கத் தோன்றும். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வக்கீல் சொன்னதையும் அடுத்த வாய்தா தேதியையும் முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு வீட்டுச் சேதி: எருமை கன்று போட்டது, தறி மறுபடி ஓடுவது, பாப்பா பத்தாவது பாஸானது. உள்ளே இருக்கும் மனுசன் அடுத்த மனு வரைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான்.

குழந்தைகளிடம் "அப்பா வெளிநாட்டில் இருக்கிறார்" என்று சொல்லி வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லி அவர்கள் உண்மையைத் தெரிந்துகொள்வது இன்னும் கொடுமை.

வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. கோவை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்