கேழ்வரகு ரொட்டி நல்லதுதான். அதை யார் சுடுவது, எப்போது சுடுவது?

கூலாய்: 2023-ஆம் ஆண்டை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த பிறகு, கேழ்வரகும் கம்பும் தினையும் நம் வீட்டுப் பேச்சுக்குள் மீண்டும் வந்துவிட்டன. கைப்பேசியைத் திறந்தால் யாராவது ஒருவர் முருங்கைக் கீரை போட்டுக் கேழ்வரகு ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிறார். காய்கறி சேர்த்து, எண்ணெய் குறைத்து, வீட்டிலேயே செய்து சாப்பிடுங்கள், இனிப்பு நீர் கட்டுக்குள் வரும் என்று சொல்கிறார்கள். இந்த அறிவுரையில் பெரும் பிழை எதுவும் இல்லை. ஆனால் இது முழுக்க முழுக்க ஒரே ஆளின் தலையில் சுமத்தப்படுகிறது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர் தலையில்.

நம் சமூகத்துக்கு இது பொழுதுபோக்குச் சமையல் விஷயம் இல்லை என்பதை எண்களே காட்டும். சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்தது. அதில் மகிழ்வதற்குள் இன்னொரு செய்தி இடிக்கிறது. நோய் இருப்பவர்களில் ஐவரில் இருவருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. 18 முதல் 29 வயதுக்குள் இருக்கும் நோயாளிகளில் இப்படித் தெரியாதவர்கள் 84 விழுக்காடு. கடைசியில் இது எங்கே போய் நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டயாலிசிஸ் நிலையத்துக்குப் புதிதாக வந்து சேர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவுதான்.

இனி கூலாயின் காலை நேரத்தைப் பார்ப்போம். செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள், செனாய் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறுகிறவர்கள், சிங்கப்பூருக்குப் போய் வருகிறவர்கள். இந்த மூன்று வகைக் குடும்பங்களும் ஒரே தாமானில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கின்றன. ஜோகூர் பாரு சுமார் 30 கிலோமீட்டர். அதைக் கடந்து பாலத்து நெரிசலையும் தாண்ட வேண்டியவர் நாலு, நாலரை மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுகிறார். அவர் பசியாறுவது வீட்டில் இல்லை. வழியில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி. பெரும்பாலும் ஒன்றோடு யாரும் எழுவதில்லை. இவரிடம் போய் "கேழ்வரகு மாவைச் சுடுநீரில் பிசைந்து, கேரட்டைத் துருவி..." என்று தொடங்கினால் ஹெல்மட்டை மாட்டிக்கொண்டே கேட்பார்.

நேரம் ஒரு பக்கம். விலை இன்னொரு பக்கம். அதைப் பற்றிச் சமையல் காணொளிகள் பேசுவதே இல்லை. ஒரு கிலோ பாக்கெட் சாதாரணக் கோதுமை மாவுக்கு அரசாங்கம் உதவித்தொகை தந்து 1 ரிங்கிட் 35 காசில் வைத்திருக்கிறது. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 ரிங்கிட் 50 காசு. சீனியும் பல ஆண்டுகளாக விலைக் கட்டுப்பாட்டில் இருந்த பொருள். ஏழைக் குடும்பத்தின் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெள்ளை மாவு, எண்ணெய், சீனி மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அப்படியே கண்முன் வந்து நிற்கும். கேழ்வரகு மாவோ பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது, உதவித்தொகை இல்லாதது. கோதுமை மாவோடு ஒப்பிட்டால் கிலோவுக்குப் பல மடங்கு விலை. இனிப்புப் பானங்களின் மீதான கலால் வரியை 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு என்று தொடங்கி, 2025 ஜனவரியில் 90 காசு வரை உயர்த்திய அதே அரசாங்கம், தவிட்டோடு கூடிய தானியத்தை மலிவாக்க இதுவரை எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. கெட்டதற்கு வரி போடுவது பாதி வேலைதான்.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர்களில் பெரும் பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம், திருச்சி போன்ற மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். வானம் பார்த்த பூமியில் கேழ்வரகும் கம்பும் சோளமும்தான் அன்றாடச் சாப்பாடு. நெல்லுச் சோறு விசேஷ நாளுக்கு. கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்ததும் நிலைமை தலைகீழானது. பர்மாவிலிருந்து வந்து இறங்கிய அரிசியே தோட்டத் தொழிலாளியின் படி ஆயிற்று. ஊரில் திருநாளுக்கு மட்டும் கிடைத்த சோறு இங்கே மூன்று வேளையும் கிடைத்தது. அதை அவர்கள் முன்னேற்றமாகக் கருதியதில் தவறே இல்லை. அன்று வெட்டுக்காட்டில் நாள் முழுக்க உழைத்த உடம்பு அந்தச் சோற்றை எரித்துவிட்டது. பேரப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறார், தட்டு மட்டும் தாத்தாவின் தட்டாகவே இருக்கிறது.

கேழ்வரகு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழாகவும், பல் முளைக்காத குழந்தைக்குக் கஞ்சியாகவும் ஒதுங்கி நின்றது. நடுவில் இருக்கிற அறுபது எழுபது வருட வாழ்க்கைக்கு அது சாப்பாடாக இல்லாமல் போயிற்று. (பக்கத்துக் கடையில் "ராகி" என்று கேட்டால் தாப்பாய் செய்வதற்கான ஈஸ்ட்டை எடுத்துக் கொடுப்பார்கள். மலாயில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். கேழ்வரகு என்று நம் கடையில் கேட்பதே நலம்.)

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் புறநானூற்றை எடுப்பது வழக்கம். வரகு, தினை, கொள்ளு, அவரை ஆகிய நான்கையும் உணவென்று சொன்ன மாங்குடி கிழாரை நானும் படித்திருக்கிறேன். பெருமைதான். ஆனால் பழந்தமிழர் சாப்பிட்டார்கள் என்பது ஒரு தானியம் சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்குச் சான்றாகாது. சான்றை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பட்டியலின்படி, 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கால்சியம் 364 மில்லிகிராம். அரிசியில் பத்தைக்கூடத் தொடாது. இதுவரை எல்லாம் கேழ்வரகுக்குச் சாதகம். மாவுச்சத்தைப் பாருங்கள்: கேழ்வரகில் சுமார் 67 கிராம், அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். "கேழ்வரகு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்ற நம்பிக்கைக்கு இந்த எண்ணில் இடமே இல்லை. ஐந்து ரொட்டி சாப்பிட்டால் ஐந்து ரொட்டியின் சர்க்கரை ரத்தத்தில் ஏறத்தான் செய்யும்.

2021-இல் இக்ரிசாட் ஆய்வு மையம் தலைமையேற்று, 11 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதை அளக்கும் கிளைசமிக் குறியீடு சிறுதானியங்களுக்குச் சராசரியாக 52.7 என்றும், தீட்டிய அரிசிக்கு 71.7, வெள்ளைக் கோதுமைக்கு 74.2 என்றும் அது கணக்கிட்டது. நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து சிறுதானியம் சாப்பிட்டபோது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 விழுக்காடும் சாப்பாட்டுக்குப் பின் உள்ள சர்க்கரை 15 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டது. இக்ரிசாட் சிறுதானியங்களைப் பரப்புவதையும் பணியாகக் கொண்ட அமைப்பு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தாலும், பலன் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 12, 15 விழுக்காடு என்பது உதவி. மாத்திரைக்கு மாற்று அல்ல. ரொட்டியை நம்பிக் கிளினிக் தந்த மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சராசரிக்குள் இன்னொரு நுணுக்கமும் ஒளிந்திருக்கிறது. தானியத்தை எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ, எவ்வளவு நேரம் தண்ணீரில் குழைய வேகவைக்கிறோமோ, அவ்வளவு வேகமாக அது செரித்துச் சர்க்கரையாகிறது. பவுடர் போன்ற மாவில் காய்ச்சி, சீனியும் பாலும் கலந்து ஒரே மடக்கில் குடிக்கும் கேழ்வரகுக் கஞ்சிக்கும், கொஞ்சம் கரகரப்பான மாவில் கீரையும் காயும் நிறையப் போட்டு மென்று தின்னும் ரொட்டிக்கும் பெயர் ஒன்றுதான், வேலை ஒன்றல்ல. காய்கறியின் பங்கு இங்கேதான் வருகிறது. ரொட்டியில் மாவின் அளவைக் குறைப்பதும், செரிமானத்தை மெதுவாக்குவதும் அதுதான். 2019 ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் போதிய காய்கறி, பழம் சாப்பிடவில்லை என்று வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், கேழ்வரகைவிடக் காய்தான் இந்த ரொட்டியின் கதாநாயகன் என்று சொல்வேன்.

செய்முறையையும் சொல்லிவிடலாம். கேழ்வரகில் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது. சப்பாத்தி போலப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து உருட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கும். முதல் நாளே வெறுத்துப்போவது இதனால்தான். ஒரு கப் மாவை வாசனை வரும்வரை வெறும் சட்டியில் லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், ஒரு கைப்பிடிக்கு மேல் முருங்கைக் கீரை, துருவிய கேரட்டோ முட்டைக்கோஸோ சுரைக்காயோ, எல்லாம் சேர்ந்து ஒரு கப் வர வேண்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள். முன்னாலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டு மாவு குழைந்துவிடும். கொதிக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். வாழை இலையிலோ ஈரத்துணியிலோ கையால் தட்டி, நடுவில் ஒரு துளை போட்டு, மிதமான தீயில் மூடிப் போட்டு வேகவிட்டால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். ஒரு கப் மாவுக்கு நான்கு ரொட்டி வரும். ஓர் ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" தட்டில், கால் பங்கு மாவுச்சத்து உணவு என்பது இந்த அளவுதான். இன்னொரு கால் பங்குக்குப் பருப்போ முட்டையோ மீனோ. பக்கத்தில் உருளைக்கிழங்குக் கறியை வைத்தால் செய்த வேலை வீண். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரும். கூடவே தேநீர் குடித்தால் அது தடைபடும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுவது, அதைக் கைவிடச் சொல்வதைவிட நடக்கக்கூடிய காரியம்.

சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகி இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றக்கூடாது. தவிட்டோடு கூடிய தானியத்திலும் கீரையிலும் பொட்டாசியம், பாஸ்பரஸ் அதிகம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் உணவியல் நிபுணரைக் கேட்காமல் தொடங்குவது ஆபத்து. அன்போடு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதைச் சுட்டுக் கொடுக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பேரங்காடியில் "சிறுதானிய" என்று அச்சிட்டு விற்கும் பிஸ்கட், நூடல்ஸ், உடனடி ரொட்டி விஷயத்தில் ஒரே ஒரு சோதனை போதும். நம் நாட்டுச் சட்டப்படி, பாக்கெட்டின் பின்புறம் சேர்மானங்களை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். முதல் பெயர் கோதுமை மாவு என்றால் அது கோதுமை ரொட்டி, கேழ்வரகு நிறம்.

சரி, அடுப்படிக்கு வெளியே என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் 2023-இல் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள். ஒடிசா 2017-இலேயே சிறுதானிய இயக்கம் தொடங்கி, விளைச்சலையும் சேர்த்துத் திட்டமிட்டது. நம்மிடம் ரேஷன் கடை இல்லை. கேழ்வரகு விளைவதும் இல்லை. இருப்பவை வேறு. வசதி குறைந்த தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு ஆர்.எம்.டி. உணவுத் திட்டம் இருக்கிறது. அதன் உணவுப் பட்டியலில் வாரம் ஒரு நாள் கேட்டுப் பார்ப்பது பெற்றோர் ஆசிரியர் சங்கங்களால் முடியும். ஆலயங்களில் அன்னதானம் இருக்கிறது. ஆடிக்கு அண்டா அண்டாவாகக் கூழ் காய்ச்சத் தெரிந்த கைகள் அங்கேயே இருக்கின்றன.

இவற்றையெல்லாம்விட எனக்கு நம்பிக்கை தருவது சாலையோரக் கடைதான். விடியற்காலையில் நாசி லெமாக்கும் தோசையும் விற்கும் நம் பெண்களிடம் கல் ஏற்கெனவே சூடாக இருக்கிறது. கேழ்வரகு ரொட்டி ஆறினால் விறைத்துப்போகும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். முன்கூட்டியே சுட்டு அடுக்கி வைக்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு ஆட்டா மாவு கலந்தால் மென்மை கொஞ்ச நேரம் நிற்கும். அல்லது பிசைந்த மாவைப் பாத்திரத்தில் மூடி வைத்து, கேட்பவருக்கு அப்போதே உள்ளங்கை அளவில் தட்டிப் போடலாம். ஒரு தோசையைவிட மூன்று நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். பாலத்துக்கு ஓடுகிறவர் அந்த மூன்று நிமிடம் நிற்பாரா, ரொட்டி சானாயைவிட ஒரு ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பாரா என்பது யாராவது ஒருவர் கடை போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.